நார்வே டைரக்டரும் நந்திதுர்க் சங்கும்

மொழிபெயர்ப்பாளன் வேலையில் இரண்டு பக்கமும் திட்டு உண்டு, எந்தப் பக்கமும் நாற்காலி கிடையாது. கல்யாணப் பேச்சில் இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்து, "அவங்க அப்படிச் சொல்லலீங்க, இப்படித்தான் சொன்னாங்க" என்று சட்டை நனைய வியர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தாவும் ஆயாவும் கதை சொல்லித்தான் சோறு ஊட்டினார்கள். அதனால் எனக்கு எதையும் நடுவிலிருந்து ஆரம்பிக்க வராது. ஏழு கடலுக்கு அந்தாண்ட, பாதி வருஷம் பொழுது முழுசாக விடியாத ஒரு தேசத்தில், ஒரே ஒரு டைரக்டர் அம்மா இருந்தாராம். பேர் சிக்ரித். சின்ன வயசிலேயே டி.வி.க்காரர்களுக்குக் கேபிள் தூக்கி, பிறகு சொந்தமாக எடுத்த முதல் படத்துக்கே பெரிய பரிசு வாங்கினாராம். அந்தப் படத்தை இன்றைக்கும் காலேஜில் பாடமாகப் போட்டுக் காட்டுகிறார்களாம். அடுத்தடுத்து எடுத்ததற்கெல்லாம் பேர் வந்தது, கூட்டம் வரவில்லை. கடைசி இரண்டு படங்கள் வந்த வாரமே தியேட்டரை விட்டுப் போய்விட்டன. அந்த அம்மா அறுபது தாண்டிய பிறகு, சுரங்கம் மூடிப்போன ஊர்ப் பெண்களைப் பற்றி ஒரு படம் ஆரம்பித்து, தங்கச் சுரங்க ஊரான எங்கள் கே.ஜி.எஃப்.புக்கு வந்து சேர்ந்தார்.

முக்கால்வாசிப் படம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பாக்கி ஒரே ஒரு ஷாட். சுரங்கத்துக்குள் விபத்து என்று சங்கு ஊதியதும், பெண்கள் ஓடிவந்து, ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட் குழியின் வாசலில் காத்து நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் படமே இல்லை என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னது அவர், அதைத் தமிழில் புரியவைக்க வேண்டியவன் நான்.

என்னை ஏன் எடுத்தார்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தவர்களில் மற்றவர்களெல்லாம் கணீரென்று இங்கிலீஷ் பேசினார்கள். எனக்குக் குரலே எழும்பாது. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லியும் ஆப்சென்ட் வாங்கியவன் நான். மேடம் ஒரு சுரங்கப் பென்ஷன்காரரை உட்காரவைத்து, அவர் பேசுவதை ஒவ்வொருவராக இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். அந்தத் தாத்தா நடுநடுவே பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்த்தார். மற்றவர்கள் அந்த இடைவெளியில் தங்கள் சரக்கைப் போட்டு நிரப்பினார்கள். கதை கேட்டு வளர்ந்த பழக்கத்தில், அவர் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். அதற்குத்தான் வேலை கிடைத்தது என்று பிறகு தெரிந்தது.

ஜெகன் என்ற என் பெயர் மேடம் வாயில் 'யேகன்' ஆனது. சந்தோஷப்படுவதற்குப் பதில், இவ்வளவு பெரிய டைரக்டரின் மிச்சப் படம் என் தொண்டையில் தொங்குகிறதே என்று நடுங்கினேன். ஷூட்டிங் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெங்களூர்ப் பையன் கிரண் தோளில் தட்டி, "மச்சா, நீ பேசறது மேடம்க்கு ரொம்பப் புடிச்சிருக்கு. எனக்குத்தான் ஒண்ணுமே கேக்கல" என்றான்.

மீன் ஆயும் படம்

கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் தேவராஜ் அண்ணன் டீக்கடை. அவர் ஒருமுறை சிரித்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் எல்லா லைன் வீட்டுக்கும் போய்விடும். அப்புறம் ஷூட்டிங்குக்கு ஒரு பெண்பிள்ளையும் வரமாட்டாள். இது தெரிந்ததால் மேடத்தை அங்கே கூட்டிப்போகவே பயந்தேன். மேடத்துக்கோ அந்த டீதான் வேண்டும்.

"இன்னா தம்பி, இந்தம்மா எடுத்த பெரிய படத்துல ஹீரோ யாரு?" என்றார் அண்ணன். கேட்டுச் சொன்னேன். ஹீரோ இல்லை. ஃபைட் இல்லை. பாட்டு இருக்கிறது, ஆனால் வாயைத் திறக்காமல் முனகுவதுதான். மேடம் பிறந்த துறைமுக ஊரில் மீன் ஆயும் பெண்கள், கடலுக்குப் போன ஆண்கள், அவ்வளவுதான் கதை. ஒரு பெண் ஒரு கூடை மீனை முழுசாக ஆய்ந்து முடிக்கும்வரை காமிரா நகராது. அண்ணன் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். சிரிக்கவில்லை.  

"மீன் ஆயறதுக்கே ப்ரைஸ் குடுத்தாங்கன்னா, எங்க வூட்ல கருவாட்டுக் கொழம்பு வெக்கறத எடுக்கச் சொல்லு தம்பி. ரெண்டு ப்ரைஸா வாங்கிகினு போவட்டும்."

பட்டுப்புடவை

முதல் முயற்சிக்கு, வீட்டில் வேலையாக இருக்கும்போது சங்கு ஊதினால் எப்படி ஓடிவருவீர்களோ அப்படியே வாருங்கள் என்று நந்திதுர்க் சுரங்கத்து லைன் பெண்களிடம் சொல்லியிருந்தேன். வந்தார்கள். பட்டுப்புடவை, தலைநிறைய மல்லி, கழுத்துவரை பவுடர். சாந்தா அக்கா மூக்குத்தியைப் புளிபோட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். மேடம் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோபப்படவில்லை. அவர் கோபப்படாததுதான் எனக்குக் கூடுதல் பயம்.

சங்குக்குப் பதில் கிரண் விசில் ஊதியதும் எல்லோரும் சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிற மாதிரி வரிசையாக நடந்துவந்து காமிராவைப் பார்த்தார்கள். காமிராவைப் பார்க்காதீங்க என்றேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுப் புடவையில் வரச்சொன்னேன். போய் மாற்றிக்கொண்டு பண்டிகைப் புடவையில் வந்தார்கள். மூன்றாவது தரம் கெஞ்சியபோது சாந்தா அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"சாயம் போனத சுத்திகினு வெளிநாட்டு சினிமால போயி நின்னா, என் நாத்தனார் இன்னாடா சொல்லுவா?"

ரயிலில் வந்த போன்

எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் தினமும் ரயிலில் பெங்களூர் போய்த் திரும்புகிறவர்கள். சுரங்கக்காரர்களின் மகள்களையும் பார்க்க வேண்டும் என்று மேடம் பெங்களூரிலிருந்து திரும்பும் சாயங்கால ரயிலில் ஏறினார். அந்த ரயிலில் கர்ச்சீப் போட்ட சீட் என்பது பட்டா போட்ட நிலம். மேடம் நேராகப் போய் ஒரு கர்ச்சீப்பின் மேல் உட்கார்ந்தார். எழுந்திருங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்குப் போன் வந்தது.

அவர் பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த முகத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. முதலில் பேசினார், பிறகு கேட்டார், பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: பணம் போடுகிறவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஷாட் வந்தால் படம், வராவிட்டால் திங்கட்கிழமை காமிராவைக் கட்டி அனுப்பிவிட வேண்டியதுதானாம். இந்த வயசில் இன்னொரு படத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றார். அதற்குள் கர்ச்சீப்புக்குச் சொந்தக்காரி செல்வி அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒயிட்ஃபீல்டில் நாள் முழுக்க நின்றே வேலைபார்க்கிறவள். விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னேன். அவள் மேடத்தையே பார்த்தாள்.

"வேலை போறதுன்னா நமக்கென்ன புதுசா தம்பி? அந்தம்மாவ கர்ச்சீப் மேலயே குந்தச் சொல்லு, நான் நின்னுகினே வரேன்."

பெட்ஷீட்டில் ஓடிய படம்

நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதே இவர்களுக்குப் புரியவில்லை, படத்தையே போட்டுக் காட்டுவோம் என்றார் மேடம். சர்ச் ஹாலில் பெட்ஷீட் கட்டி அந்த மீன் படத்தைப் போட்டோம். பாதியில் எழுந்துபோய்விடுவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் எழுந்துபோனார்கள். பெண்கள் போகவில்லை. ஒரு பெண் ஜன்னல் ஓரம் நின்று கடலைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அதுதான் உலகம் பாராட்டிய ஷாட்.  "அவன் வரமாட்டான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

விளக்குப் போட்டதும் தனபாக்கியம் அத்தை எழுந்தார். ஷாஃப்டுக்கு எதிர் லைனில் இருப்பவர். அவர் வீட்டுக்காரர் முனுசாமி மாமா சுரங்கத்தில் டிரில்லிங் மெஷின் பிடித்துப் பிடித்துக் காது போனவர். எனக்கு நடிப்பெல்லாம் வராது என்று ஷூட்டிங் பக்கமே வராத அத்தை, அன்றைக்குப் படம் பார்க்க மட்டும் வந்திருந்தார். "இந்த ஜன்னல்ல நிக்கறாளே, அவ இப்ப எங்க? படத்த பாத்தாளா?" என்று கேட்டார். மேடம் வெறும் பெட்ஷீட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியை நானும் நிரப்பவில்லை. பிறகு சொன்னார்: அது நடிகை இல்லை, என் அம்மாவின் தங்கை. சித்தப்பாவின் படகு வராத அன்றைக்கு, அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள் என்று கேட்கவில்லை. தியேட்டரில் பார்த்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை எனக்குக் கதவைத் திறக்கவில்லை.

இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். சரி, முடிந்தது, இனி எந்த வீட்டிலும் நமக்கு வேலையில்லை என்று நினைத்தேன். அத்தை முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு கேட்டார்: "அப்ப இந்தவாட்டி கேட்டுட்டு எடுப்பாளா, எடுத்துட்டுக் கேப்பாளா?"

ஆட்டோவில் நான்

ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சி. இந்தமுறை விசில் இல்லை, சங்கே ஊதிவிடுவது என்று முடிவானது. பழைய சங்கின் சத்தத்தை சவுண்ட் இன்ஜினியர் பெரியவர்களிடம் கேட்டுக்கேட்டு அப்படியே உண்டாக்கியிருந்தார். எனக்குத் தூக்கம் போனது. ஷிஃப்ட் நேரத்துச் சங்கு என்றால் எங்கள் ஊருக்கு அது கடிகாரம். நேரமில்லாத நேரத்தில் சங்கு என்றால் வேறு அர்த்தம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் பயமாக இருந்தது.

ஆகவே ஆட்டோவில் மைக் கட்டி ஒரு லைன் விடாமல் போனேன். "ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு சங்கு ஊதும். அது சினிமாவுக்காக. யாரும் பயப்படாதீங்க." ஒரு சுற்று போதாதென்று மறுநாளும் போனேன். தனபாக்கியம் அத்தை வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, இறங்கிப்போய் நேரிலேயே சொன்னேன். "சினிமா சங்குதானே, எனக்குத் தெரியாதா, போடா" என்றார். தெருமுனையில் தேவராஜ் அண்ணன் ஆட்டோவை மறித்தார்.

"இன்னா தம்பி, மைக்க வெச்சிகினே காதுல வந்து சொல்ற?"

சங்கு

ஷாஃப்டைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலிக்கு வெளியே காமிரா நின்றது. நடிக்க வந்த பெண்கள் லைன் முனையில் தயார். எத்தனையோ கெஞ்சலுக்குப் பிறகு வீட்டுப் புடவை கட்டியிருந்தார்கள். சாந்தா அக்கா மட்டும் கோபித்துக்கொண்டு வரவில்லை. மூன்று மணிக்குச் சங்கு ஊதியது.

ஊரெல்லாம் போய் இது சினிமா என்று அறிவித்தவன் நான். நானே வேலிப் பக்கம் இரண்டடி ஓடிவிட்டுத்தான் நின்றேன். நடிக்க வந்தவர்கள் நடக்க மறந்து நின்றுவிட்டார்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால், லைன் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஓடிவந்தார்கள். யாருக்கும் காலில் செருப்பில்லை. ஒருத்தி கையில் குழம்புக் கரண்டி. ஒருத்தி இடுப்பில் சோப்பு நுரையோடு குழந்தை. சாந்தா அக்கா நைட்டியில், தலைநிறைய எண்ணெய். ஒருவரும் காமிராவைப் பார்க்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷாஃப்டின் உச்சியில் இருக்கிற பெரிய சக்கரத்தைப் பார்த்தார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் என்கிற கூண்டு மேலே வரும்போது அந்தச் சக்கரம் சுற்றும். மூடிய நாளிலிருந்து சுற்றாத சக்கரம் அது. அது சுற்றுகிறதா என்று பார்த்தார்கள். 

தனபாக்கியம் அத்தை கை முழுக்க மாவோடு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால், வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முனுசாமி மாமா வந்தார். சங்கு அவருக்குக் கேட்டிருக்காது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர், பெண்சாதி ஓடுவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். அத்தையின் தோளைத் தொட்டு, "ஏய், நான் இங்கதான்டி இருக்கேன். யாரப் பாத்துகினு நிக்கற?" என்றார். அத்தை திரும்பவில்லை.

"சும்மா இருய்யா. இன்னும் கேஜ் மேல வரல."

கேட்டது

சங்கு நின்று கொஞ்ச நேரம் கழித்து யாரோ சிரித்தார்கள். உடனே எல்லோருக்கும் வெட்கம் வந்தது, வெட்கம் கோபமானது, கோபம் வழக்கம்போல என்னிடம் வந்தது. "ஏன்டா, சொல்லக்கூடாதா?" என்றார் சாந்தா அக்கா. சொன்னேனே அக்கா, வீடு வீடாகச் சொன்னேனே என்றேன். "சொன்ன. காலு கேக்கலியே!" என்றார்.

கிரண் மேடத்திடம் ஓடிவந்து கட்டைவிரலைக் காட்டினான். அத்தனையும் பதிவாகியிருந்தது. மேடம் அவனைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, நான் சொல்வதை ஒன்றும் குறைக்காமல் சொல் என்றார். சொன்னேன்: காமிரா ஓடியது. நடிக்க வந்தவர்களை எடுக்கத்தான் வைத்தோம், அது உங்களை எடுத்துவிட்டது. ஒவ்வொருவரும் பாருங்கள். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் இங்கேயே அழித்துவிடுகிறேன். கிரண் தலையில் கைவைத்து மண்ணில் உட்கார்ந்தான். அன்றைக்கு என் குரல் கடைசி ஆள்வரை கேட்டது. வேறு யாரும் பேசவில்லை, அதனால்தான்.

சின்னத் திரையில் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.  கரண்டிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது, வெச்சிக்கோ என்று ஓடினாள். குழந்தைக்காரி குழந்தையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். சாந்தா அக்கா இரண்டு தரம் போட்டுக் காட்டச் சொன்னார். "வெச்சிக்கோ. நாத்தனார் கேட்டா அது நான் இல்லன்னு சொல்லிக்கறேன்" என்று நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். கூட்டம் கரைந்தது. கடைசியில் வேலி ஓரத்தில் தனபாக்கியம் அத்தையும் மாமாவும் மட்டும் மிச்சம்.

அத்தை திரையில் தன்னைப் பார்த்தார். தனக்குப் பின்னால் வந்து நிற்கிற மாமாவையும் பார்த்தார். "வேணாம்னு சொன்னா?" என்றார். அழித்துவிடுவேன் என்றார் மேடம். "அழிச்சா படம்?" இல்லை என்று மேடம் தலையாட்டினார். அதை நான் தமிழில் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். 

"இருக்கட்டும்" என்றார் அத்தை. "அந்த சத்தத்த மட்டும் எடுத்துடு. படத்த இங்க கொண்டாந்து போட்டுக் காட்டுவீங்க இல்ல? அப்ப மறுபடியும் ஓடுவோம். அந்த ஹாலுக்கு வாசலு ஒண்ணுதான், ஒருத்தர ஒருத்தர் மெதிச்சிப்போம்." சங்கு இல்லாவிட்டால் இவர்கள் எதற்கு ஓடுகிறார்கள் என்று யாருக்குப் புரியும் என்று கிரண் பதறினான். மேடம் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அந்த ஷாட்டைச் சத்தமில்லாமல் முதலிலிருந்து பார்த்தார். முடியும்வரை பார்த்தார். பிறகு அத்தையின் மாவுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சரி என்றார்.

அத்தை கையை உருவிக்கொண்டு புடவையில் துடைத்தார். மாமா இதெல்லாம் என்னவென்று கேட்காமல் சக்கரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் காதருகில் போய்க் கத்தினார்: "நீ முன்னால நடய்யா! நான் பின்னாலியே பாத்துகினு வரேன்!"

அவர்கள் லைன் திரும்பிக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, அந்த அம்மா கடைசியாக என்ன சொன்னாங்க என்று மேடம் கேட்க, "வீட்டுக்குப் போறாங்களாம்" என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தேன், மொழிபெயர்ப்பாளன் என்றால் எல்லாவற்றையுமா சொல்லிக்கொண்டிருக்க முடியும்?